நாலாவது கேபிள்

ஊர் ஊராகத் தொடர்புகொள்ளும் ஹாம் வானொலிப் போட்டிக்கு இன்னும் பத்து நிமிடம்தான். எந்த அலைவரிசை என்று ரேடியோ சொல்லணும், லேப்டாப் பதியணும். இவ்வளவுதான் வேலை. நடுவில் புதுக் கேபிள். முந்தைய மூன்றும் குப்பைக்கூடையில் கிடந்ததால் அதற்கு ஒரே உதறல்.

ரேடியோ கடகடவென்று சொன்னது.

"ஒண்ணும் விளங்கலை. இந்தக் கேபிளும் தண்டம்," என்றது லேப்டாப்.

"அண்ணே, நீங்க படுவேகமாப் பேசுறீங்க. அக்கா, நீங்க பாதி வேகத்துலதான் கேக்குறீங்க. யாராவது ஒருத்தர் செட்டிங்கை மாத்துங்களேன்!" என்று கேபிள் கத்தியது.

"நான் இப்படித்தான் பேசுவேன்," என்றது ரேடியோ.

"நானும் இப்படித்தான் கேப்பேன்," என்றது லேப்டாப்.

போட்டி தொடங்கிவிட்டது. ரேடியோக்காரர் பெனடிக்ட் கேபிளைப் பிடுங்கிக் கூடையில் எறிந்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"தள்ளிப் படுங்கப்பா," என்றது கேபிள், கூடையில் கிடந்த பழைய மூன்றிடம். "கடைக்குக் கிளம்பிட்டார். இன்னொருத்தன் வர்றான்."