மூலையில் கொஞ்சம் மணல்

பழுதான கார்களை ஏற்றிச் செல்லும் தொழிலைப் புதிதாகத் தொடங்கிய சவரிமுத்து, தன் லாரியின் கதவில் 'ஊருக்குள் மட்டும்' என்று எழுதி வைத்தார். ஒருமுறையாவது கடலைப் பார்க்க ஆசைப்பட்டிருந்த லாரி, அன்று கிளம்பவே அடம்பிடித்தது.

முதல் சவாரி, ஊர் எல்லையில் நின்றுபோன ஒரு நீலக் கார்.

"மெதுவாப் போ அண்ணே, உடம்பெல்லாம் நோவுது" என்றது கார்.

"எங்கேருந்து வர்றே?"

"கடற்கரையிலிருந்து."

லாரி அவசரமாகக் கேட்டது: "கடல் எப்படி இருக்கும்?"

"ரோடு மாதிரித்தான், முடிவே தெரியாது. ஆனா ரோடு படுத்தே கிடக்கும். கடல் எழுந்து நம்மளைப் பார்க்க ஓடி வரும்."

அதற்குள் பட்டறை வந்துவிட்டது. கார் இறங்கிக்கொண்டது.

மாலையில் கொட்டகைக்குத் திரும்பிய லாரியின் தளத்தைப் பெருக்கத் துடைப்பம் வந்தது.

"அந்த மூலையை மட்டும் விட்டுடு அக்கா" என்றது லாரி.

"ஏன், அங்கே யாராவது குடியிருக்காங்களா?"

"கடற்கரை மணல். கார் சக்கரத்திலிருந்து உதிர்ந்தது."

துடைப்பமும் அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போனதில்லை. அது மணலை நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தது. பிறகு, மற்ற இடத்தையெல்லாம் பெருக்கிவிட்டுப் போனது.