முள் காட்டும் அளவு

"இருபது வருஷமா கைக்கணக்குல நட்டு இறுக்கின ஜபாருக்கு இப்ப அளந்து இறுக்குற டோர்க் ரென்ச் கேக்குதாக்கும்!"

லாபிர் சிரித்தார். மகனை அடக்கம் செய்து மூன்று வாரங்களாகின்றன. இன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

வாசகர்களே, அந்தச் சிரிப்பைக் கடந்து போய்விடாதீர்கள். புத்தளத்தில் லாபிரின் ஹார்ட்வெயார் கடைக்குள் வந்து நில்லுங்கள். அங்கே ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நீங்களே சாட்சி.

லாபிரின் மகன் றஸீன், மதுரங்குளிச் சந்திக்கருகே மோட்டார் சைக்கிளோடு லொறியில் மோதி இறந்தான். லொறிச் சாரதி யாகப்பு மறியலில் அடைபட்டிருக்கிறார். நாளை வழக்கு.

லாபிர் மேசையில் இரண்டு ரென்ச்களை வைத்தார்.

"இது எட்டாயிரம். வெச்ச அளவு வந்ததும் 'டக்'குண்டு சத்தம் போடும். மத்தது முள்ளு வெச்சது, மூவாயிரத்தி ஐந்நூறு. எவ்வளவு இறுக்குறியோ அதை முள்ளு காட்டும். ஆனா குனிஞ்சு பாத்துட்டே ஈக்கணும். கராஜுக்குச் சரிவராது."

"முள்ளு வெச்சதே போதும், நானா," என்றார் ஜபார்; லாபிர் அவருக்கு அண்ணன் மாதிரி.

"கஞ்சப்பயலே! டக்குண்டு கேக்குறத எடு, விலையக் குறைச்சித் தாரன்."

"அது அளவோட நிண்டுரும். அளவு மீறினா எவ்வளவு மீறினதுண்டு எனக்குத் தெரியணும்."

"உன்ட கையா மீறப்போகுது? றஸீன் மவுத்தாகுறதுக்கு மொத நாள் உன்ட கராஜுலதானே ப்ரேக் பூட்டினான். ப்ரேக் பிடிச்சதும் வண்டி தானாத் திரும்பி லொறிக்குள்ள பூந்துதாம், யாகப்பு சொல்றான். ஜபார் பூட்டின வண்டி அப்படிச் செய்யாதுண்டு நான் பொலிஸுலயே சொல்லிட்டன்!"

ஜபார் முள் வைத்த ரென்ச்சைக் கையில் எடுத்தார்.

"நானா, கொஞ்சம் கிரீஸ் தாங்க. ஒருக்கா இறுக்கிப் பாக்கணும்."

"போல்ட்டுக்குக் கிரீஸா?"

"உப்புக் காத்துல துரு ஏறாம இருக்க நாங்க எல்லாரும் பூசுறதுதான். பூசினா போல்ட் வழுக்கிட்டு ஓடும். இறுகினது கைக்குத் தெரியாது. அதால இன்னும் அரைச் சுத்து போடுவோம்."

மேசை இடுக்கியில் ஒரு நட்டைப் பிடித்து, கிரீஸ் பூசிய போல்ட்டை அதில் பொருத்தினார். "நான் பாக்காம இறுக்குறன். ப்ரேக் போல்ட்டுக்கு முப்பதுதான் கணக்கு. நீங்க வாசிங்க."

கண்ணை மூடி, வழக்கம்போல் இறுக்கி, வழக்கம்போல் அந்த அரைச் சுற்றையும் போட்டார்.

"முப்பது... நாப்பது... யா அல்லாஹ், அம்பத்தஞ்சு!" லாபிர் மீண்டும் சிரித்தார். "நல்ல கை! சரி, இண்டையில இருந்தாவது கராஜுல அளந்து இறுக்கு."

"கராஜுக்கு இல்ல, நானா."

ஜபார் சட்டைப் பையிலிருந்து ஒடிந்த போல்ட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"றஸீன்ட ப்ரேக்குல இருந்தது. நான் அளவு மீறி இறுக்கினதால ப்ரேக் பிடிச்சதும் ஒடிஞ்சி வண்டியத் திருப்பிட்டு. அண்டைக்கு ரோட்டுல பொறுக்கி, மூணு கிழமையா ஒளிச்சி வெச்சிட்டன். நாளைக்குக் கோர்ட்டுல இதே மாதிரி இறுக்கிக் காட்டுவன்; முள்ளு எங்க நிக்குதுண்டு நீதவானும் பாக்கணும்."

யாகப்புவைக் கொலைகாரன் என்று ஏசிய ஊராரே, நாளை நீதிமன்றத்துக்கு வாருங்கள். அதற்கு முன், உங்கள் வண்டியைப் பூட்டித் தந்தவரிடம் இன்றே கேளுங்கள்: "அளந்தா இறுக்கினீர்?"