ஆட்டம் நின்ற இன்ஜின்

பழைய காரின் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் விரிசல் விட்டு, வண்டி கிளம்பினாலே ஒரே ஆட்டமும் சத்தமுமாக இருந்தது. அவற்றில் ஊற்றும் கறுப்புப் பசையை மனைவியின் கரண்டியால் கலக்கினார் பல் டாக்டர். ஊற்றி முடிப்பதற்குள் கரண்டி டப்பாவோடு ஒட்டிக்கொண்டது.

“பல்லடைக்கிற கையாலயே ரப்பரையும் அடைக்கணுமா? மெக்கானிக் எதுக்கு இருக்கான்?” என்றாள் மனைவி.

“எல்லாம் எனக்குத் தெரியும். நீ அந்தக் கரண்டியை மறந்துடு.”

டாக்டரின் அவசரம் வேறு. கார் ஓட்டும்போது பாடுவது அவர் வழக்கம். “எப்படி?” என்றால், “இன்ஜின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலைங்க” என்பாள் அவள். கிளினிக்கில் பாடி நோயாளிகளைக் கேட்கலாமென்றால், வாயைத் திறந்து கிடப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

பசை இறுகியதும் புஷ்களை மாட்டி, மனைவியோடு கிளம்பினார். கார் பூனைபோல் போனது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்தார்.

“இப்ப எப்படி?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சொல்லித் தப்பிக்க வெளியே சாக்கு எதுவும் தென்படவில்லை.

“இத்தனை வருஷமும் தெளிவாத்தாங்க காதுல விழுந்துச்சு. சுருதிதான் எப்பவும் உங்களை விட்டு ஓடிப்போயிடும்.”

“அதை அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா பாடறதை நிறுத்திடுவீங்க. அப்புறம் எனக்கு யாரு பாடுவா?”