போளிக்குச் சாட்சி இல்லை

சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கியாயிற்று. கூட வந்தவனிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லியாயிற்று. இனி மிச்சம் இருக்கும் ஒரே தடயம் கையிலிருக்கும் போன்தான் என்று நினைத்தபடி தாணுமாலயன் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்ரூமுக்குள்ள இவ்வளவு நேரமா என்ன செய்யுகேள்?" கதவுக்கு வெளியே மனைவி உலகம்மாளின் குரல். "போனையும் கொண்டுக்கிட்டா போனேள்?"

கதவைத் திறந்தார். வேறு வழியில்லை. வாளியில் மிதந்த சட்டையை அவள் இரண்டு விரலால் தூக்கி, கறையை முகர்ந்து பார்த்தாள்.

"பாயசம். அதுவும் அடைப்பிரதமன்," என்றாள். போஸ்ட்மார்ட்டம் முடிந்துவிட்டது.

நேற்று சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். ஆபீஸ் கூட்டாளி சுயம்புராஜோடு போய் வந்தவர், "ரசமும் மோரும்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். படுத்தாரே தவிர, திரும்பிப் படுக்க முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே உலகம்மாள் அவர் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டாள். தோசையோ தொட்டுக்கொள்ளும் சட்னியோ, வாய்க்குள் போனதெல்லாம் போனுக்குள்ளும் போயாக வேண்டும். இதுவரை ஒரு நாள் கட்டமும் காலியாக இருந்ததில்லை. நேற்றையது மட்டும் பல்லை இளித்தது.

"ஏட்டி, ஒரு நாள்தானே? விட்டுத்தள்ளு. ஒண்ணாந்தேதியில இருந்து புதுசா தொடங்குவோம்."

"நேத்தைக்கு விட்டா இன்னைக்கும் விடச் சொல்லும். தின்னதுகூடப் போகட்டு, எழுதாம மறைச்சேளே, அதுதான் எனக்கு ஆறல்ல. இருந்து எழுதுங்கோ."

சாப்பாட்டு மேஜையில் விசாரணை தொடங்கியது.

"போளி?"

"ரெண்டு."

உலகம்மாள் தன் போனை எடுத்து, சுயம்புராஜின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

"அஞ்சு," என்றார் அவசரமாக. "ஆறாவது கைதவறி."

"பிரதமன்?"

"இலையில ஊத்துனதுக்கு நான் எங்கட்டி போய்க் கணக்குச் சொல்ல? அது பாட்டுக்கு ஓடுச்சு. பப்படத்தை வச்சு அணை கட்டினேன்."

"ஆப்பு கரண்டிக் கணக்குல்லா கேக்கு?"

"அப்போ அணைக்கு உள்ள தேங்குனதை மட்டும் போடு. சட்டையில விழுந்ததைக் கழிச்சிரு."

அவள் சிரிக்கவில்லை. "அதுல அண்டிப்பருப்பு கெடந்துதா?"

நெய்யில் வறுத்த முந்திரி கண்ணுக்கு முன் வந்து நின்றது. அந்த இக்கட்டிலும் அவருக்கு நாக்கு ஊறியது. "கெடந்துது. பொறுக்கிப் பொறுக்கித் தின்னேன்."

"அண்டிப்பருப்பு!" என்று ஒரு பெருமூச்சு விட்டாள் உலகம்மாள். என்னவோ அவள் கம்மலைப் பொறுக்கித் தின்றுவிட்டது மாதிரி.

"இன்னைக்கு வேணும்னா பட்டினி கெடக்கட்டுமா?"

"பட்டினி கெடந்தா நாளைக்கு ரெட்டிப்பா தின்பேள். எப்பவும்போல ரெண்டு இட்லி. அதையும் எழுதணும்."

"சுகரு ஏறியிருக்குமோ?" என்று பயத்தோடு கேட்டார்.

"சுகருக்கு மாத்திரை கெடக்கு. முதல்ல எடை மெஷின்ல ஏறுங்கோ."

ஏறினார். முள் எண்பதைத் தாண்டி ஆடி, எண்பதிலேயே நின்றது. உலகம்மாள் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே நாள்ல ரெண்டு கிலோ! எட்டு மாசமா நான் பட்ட பாடெல்லாம் ஒத்தப் பந்தியில போச்சே!" கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. தம்பி நாகேந்திரன், அஞ்சுகிராமத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அத்தானுக்க எடை இப்போ எவ்வளவு?" வாரம் தவறாமல் அவன் கேட்கும் கேள்வி.

"எண்பது, தம்பி."

"ஐயோ!" என்றது மறுமுனை.

தாணுமாலயன் உருகிப்போனார். அக்காவுக்கும் தம்பிக்கும் தன் உயிர்மேல் இத்தனை அக்கறையா! இவர்களிடமா ஆறு போளியை ஒளித்தோம்?

போனைக் கையில் எடுத்து, நேற்றைய கட்டத்தில் அவரே எழுதினார். போளி ஆறு. பிரதமன் அளவில்லாமல். முந்திரியையும் விடவில்லை. பிறகு மனைவியின் தலையில் கையடித்துச் சத்தியம் செய்வதுபோலச் சொன்னார்.

"இந்தா பாரு உலகு. இனிமே கல்யாண வீடோ, பதினாறாம் நாள் அடியந்திர வீடோ, இலையில தின்னதை எழுதாம கை கழுவ மாட்டேன். ஒரு நாள் தப்பினாலும் மறுநாள் எழுதுவேன். சாகுற வரைக்கும் எழுதுவேன். இது சத்தியம்."

உலகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சாகுற வரைக்கும் எதுக்கு? வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதினாப் போரும். பொறவு நானே போளி சுட்டுத் தாறேன்."

"வெள்ளிக்கிழமை என்னட்டி?"

"குமாரகோயில்ல உங்களுக்குத் துலாபாரம்லா?"

"நல்ல காரியம்தானே. அதுக்கு எதுக்கு அழுக?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன பதட்டத்துல, வாழைக்குலைன்னு சொல்லாம, எடைக்கு எடை அண்டிப்பருப்புன்னுல்லா நேந்துட்டேன்!"