ரிப்பன் கட்டிய நாற்காலி

குழந்தைகள் வார்டில் நர்ஸுகள் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. ஊழியர் நல விழா என்று அதையும் காலையிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் முதுகில் ரிப்பனோடு திரும்பி வந்தது.

"எங்க போயிருந்த?" என்று கேட்டது டிரிப்ஸ் ஸ்டாண்டு.

"மியூசிக்கல் சேர் ஆட்டத்துக்கு. நர்ஸுங்க மனசு லேசாகணுமாம், எல்லாரும் ஒரே குடும்பமாப் பழகணுமாம்."

"அடேங்கப்பா! யார் ஜெயிச்சது?"

"நிர்வாக அதிகாரி. கேன்டீன்காரரை இடுப்பால இடிச்சுத் தள்ளிட்டு உட்கார்ந்தார். நம்ம நர்ஸுங்க ஒருத்தரையும் அங்க காணோமே?"

"அவங்க வந்துட்டா பிள்ளைங்கள யார் பாக்கறது? பெர்னதெத் சிஸ்டர் உட்கார இடமில்லாம காலையிலேருந்து அப்பப்ப என்னைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கறாங்க. சரி, அது என்ன ஆட்டம்?"

"பாட்டு ஓடற வரைக்கும் எல்லாரும் சுத்திச் சுத்தி ஓடணும். பாட்டு நின்னாதான் உட்காரலாம்."

அப்போது பெர்னதெத் சிஸ்டர் வந்தார். நாற்காலியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. வீங்கிய காலைத் தடவிக்கொண்டே உட்காரப் போனார். கடைசிக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. சிஸ்டர் ஓடினார்.

"இங்க பாட்டு இன்னும் நிக்கல," என்றது ஸ்டாண்டு.