வெங்காயத்தாள் வைத்தியம்

"கழுத்தைக் காட்டுங்க. நெளியக் கூடாது."

குனிஹிகோ நெளியவில்லை. சமையலறை நாற்காலியில் பள்ளிக்கூடப் பையனைப் போல உட்கார்ந்து, தலையை நிமிர்த்தினார். அனலில் வாட்டிய நீளமான வெங்காயத்தாளைத் துணியில் சுற்றி, அவர் கழுத்தில் கட்டி முடிச்சுப் போட்டாள் சிஸுரு.

"நல்லா இருக்கு. பக்கத்துல ரெண்டு துண்டு தோஃபு வச்சா ராத்திரிச் சாப்பாடே தயார்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"பேசாதீங்கன்னேன்ல? வருஷமெல்லாம் 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை வராது. பேச வேண்டிய நேரமாப் பாத்துத் தொண்டையைக் கட்டிக்கிட்டீங்க!"

நாளைக்கு மகன் தகுமாவின் கல்யாணம். விருந்தின் முடிவில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, இரண்டு குடும்பத்தின் சார்பிலும் நன்றி சொல்ல வேண்டும். நேற்று வரை குளியலறையில் ஒத்திகை பார்த்தவருக்கு இன்று காலையில் குரலே இல்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உன் வைத்தியம் போதும் என்று ஜாடை காட்டினார்.

தேனில் ஊறிய வெள்ளை முள்ளங்கிச் சாறு ஒரு கரண்டி. உப்புப் போட்ட தேநீரில் கொப்பளிப்பு. கடைசியாக இந்த வெங்காயத்தாள்.

"தகுமா சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத் தொண்டை வலின்னு படுப்பான். முள்ளங்கித் தேன்னா கிண்ணம் கிண்ணமா குடிப்பான். வெங்காயத்தாளை எடுத்தேனோ இல்லையோ, பையைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டம்! நிஜமா வலிக்கிறவன்தான் இந்த நாத்தத்தைப் பொறுத்துக்குவான். நீங்க பொறுத்துக்கறீங்களே. அப்ப மோசமாத்தான் இருக்கு."

குனிஹிகோ பரிதாபமாக ஆமோதித்தார்.

மத்தியானம் அவருடைய அக்கா தோமிகோ மூக்கைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என்ன வாடை இது! தம்பியைச் சூப் வைக்கப் போறியா, சிஸுரு?"

"வச்சுட்டேன் அக்கா. உப்புதான் பாக்கி."

"கவலையை விடு. எங்க வீட்டுக்காரர் பேசுவார். மைக்கைக் கண்டா அவரைப் பிடிக்க முடியாது."

குனிஹிகோ அவசரமாக மறுத்தார். விரலை நீட்டி சிஸுருவைக் காட்டினார்.

"இவளா?" தோமிகோவின் குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காதே, சிஸுரு. மேஜையில பெத்தவ போட்டோ இருக்கும். அதுக்குப் பக்கத்துல நீ எழுந்து நின்னு, மாப்பிள்ளையோட அம்மான்னு பேசினா... பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நான் பேசலை அக்கா. நாளைக்குள்ள இவர் தொண்டையைத் திறந்துடறேன்."

தோமிகோ போனதும் இன்னொரு முள்ளங்கியை எடுத்துத் துருவினாள். தாயில்லாத ஆறு வயதுப் பிள்ளையாகத்தான் தகுமா அவளுக்குக் கிடைத்தான். முதல் நாள் எப்படிக் கூப்பிட்டானோ அப்படித்தான் இன்றும், பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, 'சிஸுரு சான்' என்று. வேறு மாதிரி கூப்பிடச் சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது வேறு ஏதோவாகிவிடும்.

இவருக்குக் குரல் வரவேண்டும் என்றுதான் துருவினாள். வராமல் போனால்தான் என்ன என்று உள்ளே ஒன்று மெல்லக் கேட்டது. வெட்கமாக இருந்தது. கூடவே இஞ்சியையும் துருவிப் போட்டாள்.

குரல் வரவில்லை. அன்று ராத்திரி கழுத்துக் கட்டோடுதான் குனிஹிகோ படுத்தார்.

மறுநாள் விருந்து முடியும் நேரம். மாப்பிள்ளையின் தந்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். குனிஹிகோ எழுந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி எல்லோருக்கும் குனிந்து வணங்கினார். பிறகு சிஸுருவின் முதுகில் கை வைத்து மெல்ல முன்னால் தள்ளினார். பாதி எழுந்து டையைச் சரிசெய்துகொண்டிருந்த தோமிகோவின் கணவர் மறுபடி உட்கார்ந்தார்.

மைக் முன்னால் சிஸுருவுக்கு, குனிஹிகோ ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை.

"என் வைத்தியம் இவருக்குப் பலிக்கலை. மன்னிக்கணும்." மண்டபம் சிரித்தது. "தகுமாவுக்குப் பலிக்கும். ஹனாயோ, உன் புருஷன் தொண்டை வலின்னு படுத்தா, முள்ளங்கித் தேனை உடனே கொடுத்துடாதே. முதல்ல வெங்காயத்தாளைக் காட்டு. ஓடினா விட்டுடு. ஓடலைன்னா நெத்தியில கை வச்சுப் பாரு. அன்னிக்கு மட்டும் தூங்கிடாதே. நான் தூங்கினதில்லை."

பிறகு மேஜைமேல் இருந்த போட்டோவின் பக்கம் திரும்பி, மற்ற எவருக்கும் குனிந்ததைவிட ஆழமாகக் குனிந்தாள். தோமிகோ கைக்குட்டையைத் தேடினாள்.

விருந்தாளிகளை வழியனுப்பியபின், மறந்து வைத்த கைப்பையை எடுக்க சிஸுரு மண்டபத்துக்குத் திரும்பி வந்தாள். வாசலில் நிறுத்தியிருந்த தங்க நிறத் தடுப்புக்குப் பின்னாலிருந்து குனிஹிகோவின் குரல் கேட்டது. கணீரென்று கேட்டது.

"உன் பேச்சைக் கேட்டு ஒரு ராத்திரி பூரா அந்த நாத்தத்தோட படுத்தேன்டா! கழுத்து இன்னும் எரியுது. அவதான் பேசணும்னா, நேராவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னுடுவாங்கப்பா," தகுமா சிரித்தான். "நல்லவேளை, வெங்காயத்தாளைப் பாத்து நீங்க ஓடலை. ஓடியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க. அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?"