தணிகைவேலின் நீல ஷூக்கள்

மனிதகுலத்தின் கால்களுக்கு மகுடம் சூட்டும் சென்னை சர்வதேச மாரத்தான் தொடங்கிவிட்டது என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, போட்டியாளர் தணிகைவேல் மயிலாப்பூர் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடுவது அவருடைய ஷூக்கள். மாரத்தானில் இப்போது ஷூக்கள் மட்டும்தான் ஓடுகின்றன, ஆறு மாதம் உரிமையாளர் போட்டு நடந்து பழக்கிய பழக்கத்தில்.

"விடியக்காலையில எழுந்து எழுந்து பழக்கினீங்களே, மெடல் நிச்சயம்ங்க. சுகரும் குறைஞ்சிருக்கும்" என்றபடி மனைவி சுமித்ரா திரையின் முன் உட்கார்ந்தாள்.

நாற்பதாயிரம் ஜோடி ஷூக்கள் கடற்கரைச் சாலையில் கம்பீரமாகப் பாய்ந்தன. தணிகைவேலின் நீல ஷூக்கள் மட்டும் கூட்டத்திலிருந்து நழுவி, வீட்டுக்குப் பக்கத்துத் தெரு டீக்கடைக்குப் போய், பெஞ்சுக்கு அடியில் சாவகாசமாக நின்றுகொண்டன.

"ஐயோ, வழி தப்பிடுச்சுங்க! இருங்க, நான் போய் கடைக்காரர்கிட்ட விசாரிச்சு எடுத்துட்டு வரேன்" என்று சுமித்ரா சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீ எதுக்கு? விசாரிக்கவெல்லாம் வேண்டாம்மா!" என்று அலறிக்கொண்டு தணிகைவேல் வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினார். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. மூச்சு வாங்க அவர் போய்ச் சேர்ந்தபோது, டீ மாஸ்டர் சுமித்ராவிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"சாருக்கு தினம் குடுக்கிற மாதிரி ரெண்டு மெதுவடை, சக்கரை தூக்கலா ஒரு டீதானே மேடம்?"

அந்த வருட மாரத்தானில் மனிதக் கால்கள் ஓடிய மொத்த தூரம் அறுநூறு மீட்டர். சுமித்ரா போனது ஸ்கூட்டரில்.